ரஜூலாவும் ஹிகாவா மாருவும்

ஜப்பானின் யோகோஹாமா நகரில் யமாஷிதா பூங்காவை ஒட்டி ஒரு பழைய பயணக் கப்பல் 1961 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. பெயர் ஹிகாவா மாரு. 1930இல் முதற்பயணம் போன அந்தக் கப்பலின் எந்திர அறையில் இன்றும் பள்ளிப் பிள்ளைகள் இறங்கிப் பார்க்கிறார்கள். அதைவிட நான்கு வயது மூத்த கப்பல் ஒன்று நமக்கும் இருந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ரஜூலா. 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் நிறுவனம் கட்டியது. 1973இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. மறு வருடமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள்.

இரண்டும் ஏறத்தாழ ஒரே தலைமுறை. இரண்டும் ஆளையும் சரக்கையும் சேர்த்து ஏற்றியவை. இரண்டும் இரண்டாம் உலகப் போரில், எதிரெதிர் அணிகளில் பணியாற்றின. இரண்டும் தம் உடன்பிறப்புக் கப்பல் ஒன்றை ஒரே மாதத்தில் இழந்தன. 1943 நவம்பரில் ஹிகாவாவின் தங்கைக் கப்பல் ஹியே மாருவை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதே நவம்பரின் 26ஆம் நாள், ரஜூலாவோடு சேர்த்து நம் தடத்துக்காகவே கட்டப்பட்ட ரோனா, அல்ஜீரியக் கடலோரத்தில் ஜெர்மானிய வழிகாட்டு குண்டுக்கு இரையானது. அதில் அமெரிக்க வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்திய மாலுமிகள் பலரும் அவர்களோடு போனார்கள். போர் முடிந்தபோது ரஜூலாவும் ஹிகாவாவும் பிழைத்திருந்தன. பிழைத்த இரண்டில் ஒன்று பண்பாட்டுச் சொத்தானது, மற்றொன்று இரும்பு விலைக்குப் போனது. இந்த வேறுபாடு எங்கே தொடங்கியது என்பதை வேலூர், ஆம்பூர் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

கடல் வேலூரிலிருந்து நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் இந்த மண்ணுக்குக் கப்பல் அந்நியமில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது வாலாஜா ரோட்டில்தான். பிறகு பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டது. அந்த ரயில் இங்கிருந்து துறைமுகத்துக்கு இரண்டைக் கொண்டுபோனது: ஒன்று பதனிட்ட தோல், மற்றொன்று ஆள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்பட்ட சென்னை மாகாணத் தோல் லண்டன் சந்தையில் தனிப்பெயரோடு விற்றது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலத்தோடு வட ஆற்காடும் முன்வரிசையில் நின்றது. நிலமில்லாத குடும்பத்துக்கு இங்கே இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் இறங்குவது, இன்னொன்று ஆளெடுக்கும் கங்காணியோடு அக்கரைக்குப் போவது.

போகிறவர்களை ஆவடி முகாமிலோ நாகை முகாமிலோ தங்கவைத்து, மருத்துவர் பார்த்து, பதிவு செய்து கப்பலேற்றினார்கள். நாகையில் கப்பல் கரையோரம் வராது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் போய் ஏறவேண்டும். அக்கரை சேர்ந்த பிறகும் உடனே ஊருக்குள் விடமாட்டார்கள். பினாங்கில் ஜெரெஜாக் தீவிலும் சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த்தடுப்புக் காவலில் கிடந்த பிறகுதான் தோட்டம். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரம் பேரை இதே கப்பல்கள் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தன. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற ஆளெடுப்பைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் போருக்குப் பின்னும் ரஜூலா ஓடியது. வியாபாரி, வேலைக்குப் போகும் படித்த இளைஞர், அக்கரையில் பிறந்து தாத்தா ஊரைப் பார்க்க வந்து திரும்பும் பிள்ளை என்று அதன் பயணிகள் மாறிக்கொண்டே வந்தார்கள்.

இரண்டு கப்பல்களின் உள்ளமைப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மற்றவை புரியும். ஹிகாவா மாரு பதினோராயிரத்து அறுநூறு டன், 163 மீட்டர் நீளம். அதில் பயணிகளுக்கு இருந்த இடம் முந்நூற்றுச் சொச்சம். ரஜூலா எட்டாயிரத்து ஐந்நூறு டன்கூட இல்லை. அதற்கு முதலில் வழங்கப்பட்ட உரிமத்தில் மேல்தளப் பயணிகள் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கொடிக் கப்பல்களில் மிகப் பெரிய பயணி எண்ணிக்கைகளில் அது ஒன்று. பின்னாளில் அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள் என்றாலும், கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அந்த முதல் உரிமமே சொல்லிவிடுகிறது.

ஹிகாவாவின் முதல் வகுப்புக் கூடத்தை அலங்கரித்தவர் பிரெஞ்சு வடிவமைப்பாளர் மார்க் சிமோன். அதில் பயணம் செய்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். 1932இல் சார்லி சாப்ளின் அதில் ஏறினார். ஜூடோவின் தந்தை கானோ ஜிகோரோ 1938 மே மாதம் நாடு திரும்பும் வழியில் அதிலேயே உயிர் நீத்தார். ஐரோப்பாவிலிருந்து தப்பிய யூத அகதிகள் 1940, 41இல் அதில் பசிபிக்கைக் கடந்தார்கள். ரஜூலாவின் மேல்தளப் பயணிக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரிக்கும் அளவுக்கு இடம், தகரப் பெட்டி, ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ கடல். பெயர் முகாம் பதிவேட்டில் இருந்தது, கப்பலின் கதையில் இல்லை. காலையில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று ஹிகாவாவின் உணவு அட்டைகள் இன்றும் சொல்கின்றன. ரஜூலாவில் குடல் புரட்டிக் கிடந்தவர்கள் அதை எழுதிவைக்கும் நிலையில் இல்லை.

இங்கேதான் என் முதல் வாதம் இருக்கிறது. ஒரு கப்பலைக் காப்பாற்றுகிறவர்கள் அதை 'எங்களுடையது' என்று நினைக்கிறவர்கள். கிளைட் ஆற்றங்கரையில் பிறந்து, லண்டன் முதலாளிகளுக்குச் சொந்தமாகி, சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று நான்கு கரைகளைத் தொட்ட ரஜூலாவை எந்தக் கரை தன்னுடையதாக நினைத்தது? கிளாஸ்கோவுக்கு அது கட்டி அனுப்பிய பல நூறு கப்பல்களில் ஒன்று. அதை நடத்திய பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் பி அண்ட் ஓ குழுமத்துக்குள் கரைந்துபோனது. மலேசியாவும் சிங்கப்பூரும் அப்போது தங்கள் புதிய நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தன. நமக்கோ அது கூலிக் கப்பல் என்ற வலியும் உறவைச் சேர்த்த கப்பல் என்ற பாசமும் கலந்த ஒன்று. விழா எடுக்கும் பொருளாக யாருக்கும் தோன்றவில்லை. அதன்மேல் உண்மையான உரிமை யாருக்கு இருந்ததோ அவர்கள் நான்கு கரைகளிலும் சிதறிக் கிடந்த மேல்தளப் பயணிகள். அவர்களைக் கேட்பதற்கு எந்த அலுவலகத்திலும் வழக்கமில்லை.

ஹிகாவாவுக்கு அப்படியில்லை. யோகோஹாமாவின் கப்பல்தளத்தில் கட்டியது. அதே ஊரிலிருந்து சியாட்டிலுக்கு ஓடியது. அதன் உரிமையாளரான நிப்பான் யூசென் நிறுவனம் இன்றும் உலகத்தின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று. போரில் மருத்துவமனைக் கப்பலாக இருந்தபோது மூன்று முறை கண்ணிவெடியில் சிக்கித் தப்பியது. தோற்ற நாட்டுக்குத் தன் வீரர்களையும் மக்களையும் பிற நாடுகளிலிருந்து ஏற்றி வந்து சேர்த்த கப்பல்களில் அதுவும் ஒன்று. ஜப்பானியப் பெரிய பயணக் கப்பல்களில் கிட்டத்தட்ட எல்லாம் கடலுக்குள் போய்விட்ட நிலையில், எஞ்சிய ஒன்றை உடைக்க அந்த ஊருக்கு மனம் வரவில்லை. 1960இல் ஓய்வு பெற்றதும், துறைமுகம் திறந்த நூற்றாண்டு நினைவாகக் கரையில் நிறுத்தும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் கேட்டு வாங்கியதோடு கப்பல் காப்பாற்றப்பட்டுவிடவில்லை. இரும்புக் கப்பலைக் காப்பது தோலைக் காப்பது போலத்தான்: உரித்த சில மணி நேரத்துக்குள் உப்பு போடாத தோலை அப்புறம் எந்தப் பட்டையாலும் மீட்க முடியாது என்பது ஆம்பூர்க்காரர்களுக்குத் தெரியும். நீர்மட்டக் கோட்டில் உப்புநீரும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில் தகடு வேகமாக அரிக்கும். மேல்தளத்து மரப்பலகையின் இடுக்கில் மழைநீர் இறங்கினால், கண்ணுக்குத் தெரியாமல் கீழே உள்ள இரும்பைத் தின்னும். ஓடுகிற கப்பல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறைக்குப் போய்த் தகடு மாற்றி, பூச்சு பூசி, துத்தநாகக் கட்டிகள் பொருத்தி வரும். நின்றுபோன கப்பலுக்கு அந்த வாய்ப்பு அரிது. அதை இழுத்துப் போவதே பெருஞ்செலவு.

ஹிகாவாவும் சரிந்தது. இளைஞர் விடுதி, உணவகம், திருமண மண்டபம் என்று பல வேடம் போட்டுப் பிழைத்தது. கூட்டம் குறைந்தது, 2006இன் கடைசியில் நடத்திவந்தவர்கள் கடையை மூடினார்கள். இதே இடத்தில்தான் உலகத்தின் பெரும்பாலான பழங்கப்பல்களின் கதை முடியும். இங்கே முடியாததற்குக் காரணம், முதலில் அதை ஓட்டிய நிறுவனமே திரும்ப வந்து பொறுப்பேற்றது. பழுது பார்த்து, பிற்காலத்தில் ஒட்டிய வேடங்களைக் களைந்து, 1930இன் கூடங்களை மீட்டெடுத்து 2008 ஏப்ரல் 25 அன்று அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2016இல் ஜப்பான் அரசு அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஊர், நிறுவனம், அரசு ஆகிய மூன்றும் ஒரே கப்பலின் பக்கம் நின்றது உலகத்தில் அபூர்வம்.

அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் சான்று. 1952இல் முதற்பயணத்திலேயே அட்லாண்டிக் வேகச் சாதனையை முறியடித்த கப்பல் அது. 1969இல் ஓய்ந்தது. 1990களில் கருங்கடலோரம் கொண்டுபோய்க் கல்நாரை அகற்றியபோது உள்ளே இருந்ததெல்லாம் போய் வெறுங்கூடானது. 1996 முதல் பிலடெல்பியாவில் துருப்பிடித்து நின்றது. அதை நேசித்தவர்களுக்குக் குறைவில்லை. அமைப்பு தொடங்கி, நிதி திரட்டி, கப்பலையே 2011இல் விலைக்கு வாங்கினார்கள். ஆனால் துறை வாடகைக்கு வருமானமில்லை. வாடகை வழக்கில் நீதிமன்றம் இடத்தைக் காலி செய்யச் சொன்னது. புளோரிடாவின் ஒகலூசா மாவட்டம் அதை வாங்கி, செயற்கைப் பாறைத்திட்டாகக் கடலில் மூழ்கடிக்க முடிவு செய்தது. 2025 பிப்ரவரியில் இழுவைக் கப்பல்கள் அதைத் தெற்கே கொண்டுபோயின. கலிபோர்னியாவின் லாங் பீச்சில் 1967 முதல் நிற்கும் குவீன் மேரி கப்பலின் சொந்தக்காரர் அந்த நகரமே. அதற்கே 2021இல் உடனடிப் பழுதுக்கு மட்டும் 2.3 கோடி டாலர் வேண்டும் என்று ஆய்வு சொன்னது.

நம் நாட்டில் ஐ.என்.எஸ். விக்ராந்த் இருந்தது. 1997இல் ஓய்வு பெற்ற விமானந்தாங்கி, மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, பாதுகாப்பில்லை என்று 2012இல் மூடி, உச்ச நீதிமன்றம் வரை போயும் காப்பாற்ற முடியாமல் 2014இல் உடைபட்டது. ஒரு போரின் வெற்றியைச் சுமந்த, நாடே பெயர் சொன்ன கப்பலுக்கு இந்தக் கதி. அப்படியிருக்க, 1973இல் ரஜூலாவைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்வது நேர்மையாகாது என்றே நினைக்கிறேன். ஹிகாவா ஓய்வு பெற்றது முப்பது வயதில். ரஜூலாவை நாற்பத்தேழு வயது வரை ஓட்டினார்கள். உயிர் இருக்கும்வரை வேலை வாங்கப்பட்ட கப்பல் அது. தகட்டில் மிச்சம் என்ன இருந்திருக்கும்?

உடைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் வேலூரின் பெயர் இருக்கிறது. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு வருமுன் காக்கவேண்டும், கெடுத்தவரே ஈடு தரவேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது உறுதி செய்தது. பின்னாளில் அபாயக் கழிவு வழக்கிலும், அதன் வழியாகக் கப்பல் உடைப்பிலும் நீதிமன்றம் கையாண்டது இதே கோட்பாடுகளைத்தான். 'பிரான்ஸ்' என்று பிறந்து 'நார்வே' என்று வாழ்ந்து 'ப்ளூ லேடி' என்ற பெயரோடு 2006இல் குஜராத்தின் அலாங்குக்கு வந்த பெருங்கப்பலை, அதன் கல்நாரைப் பற்றிய நீண்ட விவாதத்துக்குப் பிறகே 2007இல் உடைக்க அனுமதித்தார்கள். ரஜூலாவை பம்பாயில் பிரித்த தொழிலாளர்களுக்கு 1974இல் இந்தச் சட்டக் காவல் எதுவும் இல்லை. கப்பலில் போனவர்களின் பெயரைப் போலவே அதைப் பிரித்தவர்களின் பெயரும் நம்மிடம் இல்லை. சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களின் பெயர் மட்டும் எங்கே எழுதியிருக்கிறது? தோல் மண்டிகளின், ஏற்றுமதி நிறுவனங்களின் பெயர்கள் இந்த வட்டாரத்தில் பள்ளியாகவும் கல்லூரியாகவும் நிலைத்திருக்கின்றன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் செய்தது நற்பணி. குழியில் நின்றவர்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும் என்கிறேன்.

ரஜூலாவுக்குப் பின் அந்தத் தடத்தில் ஓடியது எம்.வி. சிதம்பரம். 1966இல் 'பாஸ்டர்' என்ற பெயரில் பிரான்சில் கட்டி, தென்னமெரிக்காவுக்கு ஓட்டிய கப்பல். ரஜூலாவைவிட இரண்டு மடங்கு பெரியது, வசதியானது. 1985 பிப்ரவரி 12 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் வழியில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். அந்தக் கப்பலையும் அதே வருடம் உடைத்தார்கள். தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே தலைமுறைகளாக இருந்த கடல்வழி அத்தோடு நின்றது. விமானம் ஏற்கனவே பயணிகளை இழுத்துக்கொண்டிருந்தது.

ஆகவே நம் பக்கத்தில் மீட்கக் கப்பல் இல்லை. ஹிகாவாவைப் பார்த்து ஒரு ரஜூலாவைப் புதிதாகக் கட்டி நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்குத் தரச் சொல்வேன். ஆனால் ஒப்பீடு இங்கே நின்றுவிடவில்லை. ஹிகாவாவில் மீட்டது தகட்டை மட்டுமல்ல. யார் ஏறினார்கள், எங்கே படுத்தார்கள், எதற்காகப் போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் மீட்டார்கள். அந்தப் பாதி வேலையை நம்மால் இன்றும் செய்ய முடியும். மொரீஷியசில் கூலிகள் கரையிறங்கிய அப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கேயும் கப்பல் இல்லை; கற்படிகளும் சில கட்டடங்களும் ஆவணங்களும்தான். இறங்கிய கரையை மொரீஷியஸ் காத்தது. ஏறிய கரையான ஆவடியும் நாகையும் அந்தத் தகுதிக்குக் குறைந்தவையல்ல.

வேலூருக்கும் இதில் பங்கு உண்டு. கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1816இல் கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, பிறகு வேலூரில் சிறைவைக்கப்பட்ட கண்டியின் கடைசி மன்னன் விக்கிரம ராஜசிங்கனின் நினைவை இந்த ஊர் போற்றுகிறது; அவருக்குப் பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் எழுப்பியிருக்கிறோம். விருப்பமில்லாமல் கடல் கடந்து இங்கே வந்த ஒரு மன்னனுக்குச் செய்ததை, வறுமையால் கடல் கடந்து இங்கிருந்து போன ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கும் செய்யலாம். ஓர் அறை போதும். ரஜூலாவின் விவரங்கள் பி அண்ட் ஓ நிறுவனத்தின் பாரம்பரியப் பிரிவில் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்துவருகிறது. அவற்றின் படிகளைக் கேட்டுப் பெறலாம். நம் பக்கத்துப் பதிவுதான் இன்னும் வீடுகளுக்குள் சிதறிக் கிடக்கிறது. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பரணில் ஏறிக் கிடக்கும் தகரப் பெட்டிகள், அவற்றுக்குள் கடவுச்சீட்டு, தடுப்பூசிச் சான்று, தோட்டத்திலிருந்து வந்த கடிதங்கள்.

வாணியம்பாடியில் 1919இல் தொடங்கிய இசுலாமியாக் கல்லூரி, ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி, வேலூரில் ஊரிசுக் கல்லூரி, முத்துரங்கம் அரசுக் கல்லூரி என்று இவ்வளவு கல்வி நிலையங்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. அவற்றின் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஆளுக்கொரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, அக்கரைக்குப் போய்வந்த குடும்பங்களைக் கண்டு, கைப்பேசியிலேயே குரலைப் பதிந்து, ஆவணங்களைப் படமெடுத்துவிட்டு உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கலாம். தனியார் பெயர்களை வெளியிடச் சம்மதம் கேட்கவேண்டும். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் குழியில் நின்றவரிடமும் மண்டியில் உட்கார்ந்தவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கவேண்டும். ரஜூலாவின் கடைசிப் பயணங்களில் பத்து வயதுச் சிறுமியாக வந்திறங்கியவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தடைக்கு முன் கங்காணியோடு போனவர்களின் பிள்ளைகள் பலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கினால் அவர்களை நேரில் கேட்டுப் பதியலாம்.